மூடுல் பிளகின்: போடுவதற்கு முன்னும், பிறருக்குத் தருவதற்கு முன்னும்

இணையவழியில் பாடம் நடத்த உதவும் மென்பொருளான மூடுலில் தளங்களைப் பராமரிப்பவர்களும் பாடம் நடத்துபவர்களும் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை இந்த முறை பிளகின் பற்றியவை. மூடுலில் இல்லாத வசதியைச் சேர்க்க அதில் செருகும் சிறு நிரல்தான் பிளகின். செருகுநிரல் என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறது. ஆனாலும் எல்லோரும் பிளகின் என்றே கேட்டிருப்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

கேள்வி: கல்லூரித் தளத்துக்கு நான்தான் அட்மின். வருகைப்பதிவு பிளகின் போடலாம் என்று போனால், அட்மின் மெனுவில் ‘இன்ஸ்டால் பிளகின்ஸ்’ என்ற வரியே இல்லை. ஏன்?

உங்கள் சர்வரைப் பார்த்துக்கொள்பவர் அதை மூடி வைத்திருக்கிறார். மூடுலின் அமைப்புகள் எழுதியிருக்கும் கான்ஃபிக் கோப்பில் ‘டிஸேபிள் அப்டேட் ஆட்டோ டிப்ளாய்’ என்ற ஒரு வரியைச் சேர்த்தால் அந்த மெனு காணாமல் போய்விடும். அவர் மீது கோபப்படாதீர்கள், காரணத்தோடுதான் செய்திருக்கிறார். உலாவி வழியாக பிளகின் ஏற வேண்டுமென்றால், மூடுல் நிரல் இருக்கும் போல்டரில் எழுதும் உரிமையை வெப் சர்வருக்குக் கொடுத்தாக வேண்டும். தளத்துக்குள் யாராவது புகுந்துவிட்டால் அதே உரிமை அவர்களுக்கும் கிடைத்துவிடும்.

சர்வருக்குள் நுழையும் அனுமதி உள்ளவரிடம் ஜிப் கோப்பைக் கொடுங்கள். அவர் அதைப் பிரித்து, செயல்பாட்டு பிளகின்கள் இருக்கும் ‘மாட்’ போல்டருக்குள் ‘அட்டென்டன்ஸ்’ என்ற பெயரில் வைக்கட்டும். பிறகு நீங்கள் அட்மினாக உள்ளே போய் ‘நோட்டிபிகேஷன்ஸ்’ பக்கத்தைத் திறந்தால், புதிய பிளகினைக் கண்டுபிடித்து மீதி வேலையை மூடுலே செய்துகொள்ளும். ஒரு விஷயம்: மூடுல் 5.1 முதல் ‘மாட்’, ‘பிளாக்ஸ்’ போன்றவை எல்லாம் ‘பப்ளிக்’ என்ற போல்டருக்குள் போய்விட்டன. பழைய குறிப்பைப் பார்த்து வெளியே வைத்துவிட்டு, பிளகின் தெரியவில்லையே என்று பலர் தேடுகிறார்கள்.

கேள்வி: நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பிலிருந்து ஜிப் இறக்கி, பிரித்து, சரியான இடத்தில்தான் வைத்தேன். மூடுல் கண்டுகொள்ளவே இல்லை. பிழைச்செய்தியும் வரவில்லை.

போல்டரின் பெயரைப் பாருங்கள். கிட்ஹப் தரும் ஜிப்பைப் பிரித்தால் ‘மூடுல்-மாட்_அட்டென்டன்ஸ்-மெயின்’ என்கிற மாதிரி நீளமான பெயர் வரும். மூடுலுக்குக் கடைசிப் பெயர் மட்டும்தான் வேண்டும்: ‘அட்டென்டன்ஸ்’. பெயரில் இணைப்புக்கோடு இருந்தால் அது பிளகின் போல்டர் என்றே மூடுல் நினைக்காது, சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். உலாவி வழியாக ஏற்றுபவர்களுக்கு, அந்தப் படிவத்தில் ‘மேலும் காட்டு’ என்பதை அழுத்தினால் ரூட் போல்டரின் பெயரை மாற்ற ஒரு கட்டம் இருக்கிறது.

கேள்வி: ஒரே வேலைக்கு நாலைந்து பிளகின் இருக்கிறது. எது நல்லது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில், அந்த வசதி மூடுலுக்குள்ளேயே இருக்கிறதா என்று பாருங்கள். நேரலை வகுப்புக்கான பிக்ப்ளூபட்டன் 2022-இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து மூடுலோடு சேர்ந்தே வருகிறது. ஊடாடும் பாடப்பொருள் தயாரிக்கும் எச்5பி-யும் இப்போது உள்ளேயே இருக்கிறது. இது தெரியாமல் தனி பிளகின் போட்டு, இரண்டையும் பராமரித்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உள்ளே இல்லையென்றால், மூடுலின் இணையதளத்தில் உள்ள பிளகின் பட்டியலில் அதன் பக்கத்தைத் திறந்து, கடைசி வெளியீடு எப்போது வந்தது, உங்கள் மூடுல் பதிப்பு ஆதரிக்கப்படுகிறதா என்று பாருங்கள். அப்புறம் அவர்களுடைய பிழைப்பட்டியலுக்குப் போங்கள். புகார்கள் நிறைய இருப்பது பெரிய குறையில்லை, நிறையப் பேர் பயன்படுத்துகிறார்கள் என்றுதான் அர்த்தம். அவற்றுக்கு யாராவது பதில் சொல்கிறார்களா என்பதே முக்கியம். பதிலே இல்லாத புகார்கள் மாதக்கணக்கில் வரிசையாக நின்றால், அந்த பிளகினை வளர்ப்பவர் வேறு வேலைக்குப் போய்விட்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் இதைப் பட்டுத்தான் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் தளத்தில், புதுவகைத் தேர்வுக்கேள்விகளுக்காக ஒரு பிளகின் போட்டுக் கொடுத்தேன். ஆசிரியர்கள் ஆசையாக நூற்றுக்கணக்கான கேள்விகள் எழுதினார்கள். அடுத்த பெரிய பதிப்புக்கு மாறியபோது அந்த பிளகினுக்குப் புதிய வெளியீடு வரவே இல்லை. கேள்விவங்கியைத் திறந்தால், வரிசை வரிசையாக ‘இந்த வகைக் கேள்வி இந்தத் தளத்தில் இல்லை’ என்றே வந்தது. தேர்வுக்குப் பத்து நாள்கூட இல்லை. ஓர் ஆசிரியை ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்து, எல்லாவற்றையும் பலவுள் தெரிவாகத் திருப்பி எழுதினார். அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. அன்றிலிருந்து, ஆசிரியர்களின் உழைப்பு உள்ளே போய்ச் சேரும் பிளகின் என்றால் இரண்டு மடங்கு யோசிக்கிறேன். தோற்றத்தை மாற்றும் தீம் போனால் பக்கத்தின் அழகு போகும், அவ்வளவுதான். கேள்வி வகையோ, செயல்பாட்டு வகையோ போனால் வருடக்கணக்கான வேலை போகும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் நேரே ஓடும் தளத்தில் போடாதீர்கள். டேட்டாபேஸ், ஏற்றிய கோப்புகள் இருக்கும் மூடுல்டேட்டா போல்டர், நிரல் போல்டர் மூன்றையும் பேக்கப் எடுத்து, அதிலிருந்து ஒரு சோதனைத் தளம் அமைத்து அங்கே முதலில் போடுங்கள்.

கேள்வி: வேண்டாத ஒரு பிளகினின் போல்டரை அழித்துவிட்டேன். இப்போது ‘மிஸ்ஸிங் ஃப்ரம் டிஸ்க்’ என்று காட்டுகிறது.

வரிசை மாறிவிட்டது. முதலில் ‘பிளகின்ஸ் ஓவர்வியூ’ பக்கத்தில் அன்இன்ஸ்டால் செய்து, அதன் பிறகுதான் போல்டரை அழிக்க வேண்டும். பிளகின் உண்மையிலேயே வேண்டாமென்றால் இப்போதும் அன்இன்ஸ்டால் கொடுக்கலாம். ஆனால் அதை அழுத்தினால் அந்த பிளகினின் அட்டவணைகளும் அவற்றில் உள்ள தரவும் அழிந்துவிடும். கொஞ்சமாவது சந்தேகம் இருந்தால் போல்டரைத் திரும்ப வையுங்கள். தரவு இன்னும் டேட்டாபேஸில்தான் இருக்கிறது.

கேள்வி: எங்கள் துறைக்காக ஒரு சின்ன ரிப்போர்ட் பிளகின் எழுதினேன். எல்லோரும் பயன்படுத்தும்படி கொடுக்க ஆசை. என்னென்ன சரி செய்ய வேண்டும்?

கண்டிப்பாகக் கொடுங்கள். 2002-இல் ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டூகியாமஸ் முதல் பதிப்பை வெளியிட்ட நாளிலிருந்து மூடுல் வளர்ந்தது இப்படித்தான்.

உங்கள் சர்வரில் ஓடுவது வேறு, ஊரார் சர்வரில் ஓடுவது வேறு. டேட்டாபேஸிடம் தரவு கேட்கும் எஸ்க்யூஎல் வரியில் ‘எம்டிஎல்_’ என்று அட்டவணைப் பெயரை நேரடியாக எழுதியிருந்தால் மாற்றுங்கள். அந்த முன்னொட்டு எல்லாத் தளத்திலும் ஒன்றாக இருக்காது. அட்டவணைப் பெயரை நெளிவு அடைப்புக்குள் எழுதினால் மூடுல் தானே முன்னொட்டைச் சேர்த்துக்கொள்ளும். நீங்கள் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் எழுதியதை ஒருவர் போஸ்ட்கிரெஸ் என்ற வேறு டேட்டாபேஸில் ஓட்டுவார், அங்கேயும் சோதித்துவிடுங்கள்.

அடுத்து, பாதுகாப்பு. உங்கள் ரிப்போர்ட்டை ஒரு மாணவர் கணக்கில் திறந்து, முகவரியில் 45 என்று இருக்கும் எண்ணை 46 ஆக்கிப் பாருங்கள். பக்கத்து மாணவரின் மதிப்பெண் தெரிந்தால், நிரலில் உரிமைச் சோதனை இல்லை. உள்நுழைவைச் சோதிப்பது மட்டும் போதாது, இந்தப் பக்கத்தைப் பார்க்கும் உரிமை இவருக்கு உண்டா என்றும் கேட்க வேண்டும். பயனரைப் பற்றி என்ன சேமிக்கிறது என்று சொல்லும் தனியுரிமைக் கோப்பும் தேவை. 2018-இல் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தபோது மூடுல் கொண்டுவந்த ஏற்பாடு அது. உங்கள் பிளகின் தனியாக எதையும் சேமிக்கவில்லை என்றால், அதைச் சொல்லவும் ஒரு சின்னக் கோப்பு வைக்க வேண்டும்.

திரையில் தெரியும் சொற்கள் எல்லாம் மொழிக்கோப்பில் இருக்கட்டும், ஆங்கிலத்தில் மட்டும். பதிப்பு எண்ணை ஆண்டு, மாதம், நாள், பிறகு இரண்டு இலக்கம் என்று எழுதுவார்கள்: 2025061500. டேட்டாபேஸை மாற்றிவிட்டு இந்த எண்ணை உயர்த்த மறந்தால், பயனர்கள் சர்வரில் அப்கிரேட் ஓடாது. மற்றபடி ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமம், நிரலை எல்லோரும் பார்க்கக்கூடிய கிட் களஞ்சியம், பிழை சொல்ல ஓர் இடம், இவை இருந்தால் பட்டியலுக்கு அனுப்பலாம். பரிசீலிப்பவர் திருத்தங்கள் சொல்லித் திருப்பி அனுப்பினால் மனம் சோராதீர்கள். அனுபவமுள்ளவர் உங்கள் நிரலை வரி வரியாகப் படித்துச் சொல்வது எளிதில் கிடைக்கிற உதவியில்லை.

கேள்வி: எனக்கு நிரல் எழுதத் தெரியாது. தமிழாசிரியர். நான் ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், உங்களைப் போன்றவர்கள்தான் குறைவு. மூடுலின் மொழிபெயர்ப்புக்கு ஆமோஸ் என்ற தனிக்கருவி இருக்கிறது. பட்டியலில் உள்ள பிளகின்களின் சொற்களும் அங்கேயே வந்துவிடும். கணக்கு தொடங்கி, தமிழைத் தேர்ந்தெடுத்து, விடுபட்ட வரிகளை நிரப்பி அனுப்பினால், தமிழ் மொழிபெயர்ப்புப் பொதியைப் பராமரிப்பவர் பார்த்துச் சேர்ப்பார். உங்கள் மாணவர்கள் தினமும் பார்க்கும் ஒரே ஒரு பிளகினை எடுத்துக்கொள்ளுங்கள். ‘சப்மிட்’ என்பதை ஓரிடத்தில் சமர்ப்பி என்றும் இன்னோர் இடத்தில் அனுப்பு என்றும் எழுதினால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள். பொதியில் ஏற்கெனவே என்ன சொல் இருக்கிறது என்று தேடிவிட்டு எழுதுங்கள்.