நீதிபதிக்கும் புள்ளடி போடலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, என் மகளின் குடும்பம் அமெரிக்காவில் ஹியூஸ்டன் நகரில் இருக்கிறது. குடியுரிமை கிடைத்தபின் முதல் தடவையாக வாக்களிக்கச் சென்ற மகள், ஜனாதிபதியில் தொடங்கி ஷெரிஃப், எழுதுவினைஞர், நீதிபதிகள் என்று பட்டியல் முடிவே இல்லாமல் நீண்டதாகச் சொன்னாள். நம் ஊரில் ஒரு புள்ளடியோடு முடியும் காரியம் அங்கே ஏன் இப்படி நீள்கிறது?
– வாசகி, உவர்மலை

பதில்: அம்மா, அங்கே மாநிலத்துக்கும் நகரத்துக்கும் இடையில் கவுண்டி என்றொரு நிர்வாக அலகு உண்டு. நம் மாவட்டத்தை நினைத்துக்கொண்டால் ஓரளவு விளங்கும். ஆனால் நம் மாவட்டத்தை நடத்துபவர் அரசு நியமிக்கும் அரசாங்க அதிபர். அங்கே கவுண்டியை நடத்துபவர்களில் பெரும்பாலானோரை மக்களே தெரிவுசெய்கிறார்கள். டெக்சாஸ் மாநிலத்தில் மாத்திரம் 254 கவுண்டிகள் இருக்கின்றன. ஹியூஸ்டன் நகரின் பெரும்பகுதி அடங்கும் ஹாரிஸ் கவுண்டியில் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 47 இலட்சம் பேர் வாழ்கிறார்கள். அதே மாநிலத்தின் லவ்விங் கவுண்டியில் அப்போது இருந்தவர்கள் 64 பேர்தான். சட்டத்தின் முன் இரண்டும் கவுண்டிகளே. இரண்டிலும் சட்டம் ஒழுங்கைப் பார்க்கும் ஷெரிஃப், ஆதனவரியை அறவிடும் அதிகாரி, காணி உறுதிகளைப் பதிந்து திருமண அனுமதிப்பத்திரம் வழங்கும் எழுதுவினைஞர் ஆகியோரை மக்களின் வாக்கே அமர்த்துகிறது. குற்ற வழக்குகளைத் தொடுக்கும் சட்டத்தரணியும் அவ்வாறே தெரிவாகிறார். வேறு சில மாநிலங்களில் திடீர் மரண விசாரணை அதிகாரிகூடத் தேர்தலில் நின்று வென்று வருபவர்தான்.

இப்பழக்கம் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வேரூன்றியது. பதவிகளைத் தலைநகரில் இருப்போர் தம் ஆட்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதைத் தடுக்கவேண்டுமானால், அவற்றை மக்களிடமே விட்டுவிட வேண்டும் என்று அக்காலத்தவர் எண்ணினர். 1832இல் மிசிசிப்பி மாநிலம் தன் நீதிபதிகள் அனைவரையுமே தேர்தலுக்குக் கொண்டுவந்தது. ஏனைய பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன.

கேள்வி: ஹியூஸ்டனில் "கவுண்டி ஜட்ஜ்" பதவிக்குச் சட்டம் படிக்காதவர்களும் போட்டியிடலாம் என்று என் அண்ணன் சொல்கிறார். நம்பலாமா?
– வாசகர், நிலாவெளி

பதில்: நம்பலாம். டெக்சாஸில் அப்பதவியில் இருப்பவர் கவுண்டி ஆணையாளர் சபைக்குத் தலைமை தாங்கி, வரவு செலவுத் திட்டம், வீதி, வெள்ளப் பாதுகாப்பு, அனர்த்த முகாமைத்துவம் ஆகியவற்றைக் கவனிப்பவர். சிறிய கவுண்டிகளில் சில வழக்குகளையும் விசாரிப்பார்; ஹாரிஸ் போன்ற பெரிய கவுண்டியில் அவருடைய வேலை பெரும்பாலும் நிர்வாகம்தான். 2018இல் அங்கே இப்பதவியை வென்ற லீனா ஹிடால்கோ கொலம்பியாவில் பிறந்தவர். வெல்லும்போது வயது 27. வந்து குடியேறிய ஒரு குடும்பத்தின் பெண், இத்தனை இலட்சம் பேர் வாழும் கவுண்டியின் பொறுப்பை அந்த வயதில் ஏற்க முடிந்தது தேர்தல் முறையால்தான். நியமன வரிசையில் நின்றிருந்தால் அவருக்கு அந்த வாய்ப்பு இலகுவில் கிடைத்திராது.

கேள்வி: நான் சட்டம் படிக்கிறேன். நீதிபதிகளையும் மக்களே தெரிவுசெய்வதுதானே முழுமையான ஜனநாயகம்? நமது நாட்டிலும் அதைக் கொண்டுவரக் கோரலாமல்லவா?
– மாணவர், மூதூர்

பதில்: கோரக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து. காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். அமெரிக்காவின் கூட்டாட்சி நீதிபதிகளைத் தேர்தல் தொடுவதில்லை. ஜனாதிபதி நியமிக்க, செனட் சபை அங்கீகரிக்க, நன்னடத்தை உள்ளவரை அவர்கள் ஆயுள் முழுதும் பதவியில் இருக்கிறார்கள். தேர்தல் நடப்பது மாநில, கவுண்டி நீதிமன்றங்களுக்கு. அதிலும் ஒரே முறை இல்லை. டெக்சாஸில் கட்சிப் பெயரோடு போட்டியிடுகிறார்கள்; விஸ்கான்சினில் கட்சிப் பெயர் இல்லை; நியூ ஜெர்சியில் நீதிபதிகளை ஆளுநர் நியமிக்கிறார். மிசூரி மாநிலம் 1940இல் ஒரு நடுவழியைக் கண்டது. தகுதி பார்க்கும் குழுவொன்று பெயர்களைப் பரிந்துரைக்க, ஆளுநர் அவர்களுள் ஒருவரை நியமிப்பார். சிறிது காலத்தின் பின் "இவர் தொடரலாமா" என்ற ஒற்றைக் கேள்விக்கு மக்கள் ஆம், இல்லை என்று விடை சொல்வார்கள்.

இனி, தேர்தலால் என்ன நேர்கிறது என்பதைப் பாருங்கள். மேற்கு வேர்ஜீனியாவில் ஒரு நிலக்கரிக் கம்பனிக்கு எதிராக 5 கோடி டொலர் நட்டஈடு வழங்குமாறு தீர்ப்பாயிற்று. மேன்முறையீடு மாநில உச்ச நீதிமன்றத்துக்குச் செல்லவிருந்த வேளையில், 2004இல், அந்நீதிமன்றப் பதவி ஒன்றுக்குத் தேர்தல் வந்தது. கம்பனியின் தலைவர் ஏறத்தாழ 30 இலட்சம் டொலரைத் தன் சொந்தப் பணத்திலிருந்து செலவழித்து ஒரு வேட்பாளருக்கு ஆதரவு திரட்டினார். அவர் வென்றார். வழக்கு வந்தபோது விலகிக்கொள்ள மறுத்து அமர்ந்தார். மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் நட்டஈடு இரத்தாயிற்று. அந்த மூன்றில் ஒன்று அவருடைய வாக்கு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2009இல், அவர் விலகியிருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதுவும் ஐந்துக்கு நான்கு என்ற மயிரிழை வித்தியாசத்தில்தான். 2025 ஏப்ரலில் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றத்தின் ஒரேயொரு ஆசனத்துக்காக எல்லாத் தரப்பும் சேர்ந்து செலவிட்ட தொகை 10 கோடி டொலரைத் தாண்டியது. வழக்காடுபவர்களின் பணத்தில் வென்று வரும் ஒருவர் எவ்வளவு நேர்மையாளராக இருந்தாலும், தோற்ற தரப்பு அவருடைய தீர்ப்பை நம்பி வீடு திரும்புமா?

பணத்தைவிட எனக்கு அதிகம் கவலை தருவது பெரும்பான்மையின் கோபம். அயோவா மாநில உச்ச நீதிமன்றம் 2009இல் ஒருபாலினத் திருமணத்தை அனுமதித்தது. மறு ஆண்டு தொடர்தல் வாக்கெடுப்புக்கு வந்த மூன்று நீதிபதிகளையும் மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அத்தீர்ப்பை ஏற்பதும் மறுப்பதும் வேறு விடயம். ஆனால் ஒரு சிறு தொகையினரின் உரிமைக்காகப் பெரும்பான்மை விரும்பாத தீர்ப்பை எழுதினால் வேலை போகும் என்ற பாடத்தை அடுத்து வரும் நீதிபதி படித்துக்கொள்கிறார்.

இதை நம் மாவட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். 2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி திருகோணமலை மாவட்டத்தில் முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் ஆகிய மூவரில் எவரும் பாதியை எட்டவில்லை. இங்கே மாவட்ட நீதிபதிக்குத் தேர்தல் வைத்தால், அவர் எந்தச் சமூகத்தவர் என்பதைத் தவிர வேறெதையும் வாக்காளர் கேட்கமாட்டார். மேய்ச்சல் தரை வழக்கோ, காணி எல்லை வழக்கோ, கோவில் நிலம் பற்றிய வழக்கோ வரும்போது தனக்கு வாக்களித்த சனத்தின் முகத்தைப் பார்த்துத் தீர்ப்பெழுத வேண்டிய நிலைக்கு ஒரு நீதிபதியை நாம் தள்ளலாகாது.

நியமன முறை மாசற்றது என்று நான் சொல்லவில்லை. 2013 ஜனவரியில் நமது பிரதம நீதியரசர் பதவி நீக்கப்பட்டதையும், 2015 ஜனவரியில் மீண்டும் அமர்த்தப்பட்டதையும் நாம் கண்டோம். உயர் நீதிமன்ற நியமனங்களைக் கட்டுப்படுத்தும் அரசியலமைப்புப் பேரவை 17ஆவது திருத்தத்தில் பிறந்து, 18இல் அகற்றப்பட்டு, 19இல் மீண்டு, 20இல் மறுபடி பறிபோய், 21இல் திரும்பி வந்தது. மாணவரே, உங்கள் தலைமுறை போராட வேண்டிய இடம் அதுதான். நீதவான்களையும் மாவட்ட நீதிபதிகளையும் நியமித்து இடமாற்றும் நீதிச்சேவை ஆணைக்குழு தன் முடிவுகளுக்கான காரணங்களை வெளிப்படுத்த வேண்டும் என்று கேளுங்கள். அது வாக்குப்பெட்டியைவிட அதிகம் பயன் தரும்.

கேள்வி: 2006 ஜனவரி 2ஆம் திகதி நமது கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களின் வழக்கை, மக்கள் தெரிவுசெய்த ஒரு வழக்குத்தொடுநர் நடத்தியிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்குமா?
– வாசகர், திருகோணமலை நகர்

பதில்: அந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019 ஜூலையில் போதிய சாட்சியம் இல்லையென்று விடுவிக்கப்பட்டார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு இன்றுவரை நீதி கிடைக்கவில்லை. நீங்கள் கேட்பதன் வேதனை எனக்கு விளங்குகிறது. தேர்தலில் வரும் வழக்குத்தொடுநர் தன்னைத் தெரிந்தவர்களின் பிள்ளைகளுக்காக ஓடியாடி உழைக்கக்கூடும். அதே அதிகாரி, வாக்காளர்களுக்குப் பிடித்த சீருடைக்காரர்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்கும்போது கோப்பை மூடிவிடவும் கூடும். அமெரிக்கக் கவுண்டிகளில் இரண்டுக்கும் உதாரணங்கள் உண்டு. நமக்கு வேண்டியது, அரசுக்குச் சட்ட ஆலோசனை சொல்லும் அதே திணைக்களத்தின் கையில் வழக்குத் தொடரும் அதிகாரத்தை விட்டுவைக்காத தனியான, சுயாதீனமான அலுவலகமும், சாட்சிகள் அச்சமின்றி வந்து பேசக்கூடிய பாதுகாப்பும்.

கேள்வி: அங்கே ஷெரிஃபைக்கூட மக்கள் தெரிவுசெய்கிறார்கள். இங்கே நாம் யாரைத்தான் தெரிவுசெய்கிறோம்?
– விவசாயி, தம்பலகாமம்

பதில்: உங்கள் பிரதேச சபையை. அதையும்கூடக் காலந்தவறாமல் இல்லை. 2023 மார்ச் 9ஆம் திகதி நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்ற காரணத்தால் நின்றது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட் மாதத்தில் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்ததோ 2025 மே 6ஆம் திகதி. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகத் தெருவிளக்குக்கும் வடிகானுக்கும் நாம் மனுக் கொடுத்தது தெரிவுசெய்யப்படாத அதிகாரிகளிடம்.

சபையைத் தெரிவுசெய்யும்போதும் வாக்குச்சீட்டில் இருப்பது கட்சியின் அல்லது சுயேச்சைக் குழுவின் பெயரும் சின்னமும்தான். வட்டார வேட்பாளரின் பெயர் அதில் இல்லை. எந்தக் கட்சியும் பாதி ஆசனங்களைப் பெறாவிட்டால், தவிசாளரை உறுப்பினர்கள் முதல் அமர்வில் வாக்களித்துத் தெரிவுசெய்வார்கள். வாக்குகள் சமமானால் திருவுளச்சீட்டு.

பாடசாலை, வைத்தியசாலை, விவசாயம், நீர்ப்பாசனத்தின் ஒரு பகுதி ஆகியன மாகாண சபைக்குரியவை. கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017 செப்டெம்பர் 30ஆம் திகதி முடிந்தது. அன்றிலிருந்து தேர்தல் இல்லை. தேர்தல் முறையை மாற்றினார்கள். புதிய எல்லைகளை வரைந்த அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றம் நிராகரித்தது. பழைய முறைக்கும் திரும்பவில்லை, புதிய முறைக்கும் வழியில்லை. மாகாணத்தின் தலைமையகம் நம் திருகோணமலையில்தான் இருக்கிறது. அமைச்சுக்களின் பெயர்ப்பலகைகள் இருக்கின்றன, செயலாளர்கள் இருக்கிறார்கள், ஜனாதிபதி நியமித்த ஆளுநர் இருக்கிறார். உங்கள் வாய்க்காலுக்காகச் சபையில் எழுந்து கேள்வி கேட்க ஒருவர்கூட இல்லை. நீதிபதிக்கு வாக்கு வேண்டாம் என்று மேலே எழுதிய நான், இதற்கு வாக்கு வேண்டும் என்று எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதுவேன். நம் வரிப்பணத்தைச் செலவிடுபவர் நம்மிடம் திரும்பி வந்து கணக்குச் சொல்ல வேண்டியவராக இருக்க வேண்டும்.

கேள்வி: இத்தனை வேட்பாளர்களைப் பற்றி அங்குள்ளவர்கள் எப்படி அறிந்து வாக்களிக்கிறார்கள்? நாமும் அப்படி அறிய வழி உண்டா?
– ஆசிரியை, சாம்பல்தீவு

பதில்: பலர் அறியாமலே வாக்களிக்கிறார்கள் என்பதே உண்மை. 2018இல் ஹாரிஸ் கவுண்டியில் போட்டி நடந்த 59 நீதிபதிப் பதவிகளையும் ஒரே கட்சி வென்றது. கட்சிக்கு ஒரேயொரு அடையாளம் இட்டால் அதன் வேட்பாளர்கள் அனைவருக்கும் வாக்குச் சேரும் வசதி அப்போது இருந்தது. திறமைசாலிகளும் திறமையற்றவர்களும் ஒன்றாகவே அள்ளுண்டு போனார்கள். 2020 முதல் அந்த வசதி நீக்கப்பட்டுவிட்டது. அக்கறையுள்ளவர்கள் மாதிரி வாக்குச்சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்து, சட்டத்தரணிகள் சங்கம் நீதிபதிகளைப் பற்றி நடத்தும் கருத்துக்கணிப்பையும் பெண் வாக்காளர் கழகத்தின் கையேட்டையும் வாசித்து, குறிப்பெடுத்துக்கொண்டு செல்கிறார்கள்.

நம்மிடமும் வழி உண்டு. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டப்படி, ஒவ்வொரு வேட்பாளரும் முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் தேர்தல் செலவறிக்கையைக் கையளிக்க வேண்டும்; அதைப் பார்வையிடப் பொதுமக்களுக்கும் வாய்ப்பு உண்டு. தெரிவானவர்கள் சபையில் என்ன பேசினார்கள், எதற்கு வாக்களித்தார்கள் என்று அறிய 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் சபையின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா மறுப்பதா என்ற முடிவை அவர் 14 வேலைநாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். உங்கள் மாணவரைக் கொண்டே முதல் விண்ணப்பத்தை எழுதச் செய்யுங்கள். கூட்டறிக்கைகளையும் வரவு செலவுத் திட்டத்தையும் கேளுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் எமக்கு எழுதுங்கள், அடுத்த இதழ்களில் வெளியிடுவோம்.