வாசகர் கேள்வி – பதில்: பால் பாட்டிலுக்கு எத்தனை வயசு?

கே: நியூயார்க் மாநிலத்தில் ராசெஸ்டர் பக்கம் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். பேத்தி படிக்கிற பள்ளியில் நிதி சேர்க்க ஏலம் விடுகிறார்கள். கூவி விடுகிற ஏலம் இல்லை, ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் ஒரு தாள் வைத்திருக்கிறார்கள், வேண்டியவர்கள் தொகையை எழுதிவிட்டுப் போகலாம். அதில் ஒரு பழைய கண்ணாடிப் பால் பாட்டில் இருக்கிறது. உருண்டை வடிவம், ஒரு குவார்ட் (கிட்டத்தட்ட ஒரு லிட்டர்) அளவு, ஆரஞ்சு நிறத்தில் பசுவும் பண்ணையின் பெயரும். பக்கத்தில் ‘1890-களைச் சேர்ந்தது’ என்று ஓர் அட்டை. மாப்பிள்ளை 100 டாலர் எழுதிவிட்டு வந்து நிற்கிறார். தகுமா?
– வாசகி, ராசெஸ்டர்

ப: பாட்டில் அசலாகவே இருக்கலாம். அட்டைதான் தப்பு. கண்ணாடியில் வண்ண எழுத்தை அச்சிட்டுச் சூளையில் சுட்டுப் பதிக்கிற முறை பால் பாட்டிலுக்கு வந்ததே 1930-களில்தான். 1890-ல் செய்த பாட்டில் என்றால் பெயர் கண்ணாடியிலேயே புடைத்துக்கொண்டு நிற்கும், வண்ணம் இருக்காது. அந்தப் பெயரும் விளம்பரத்துக்காக மட்டும் போட்டதில்லை. பாட்டில் பண்ணையின் சொத்து, காலி பாட்டில் பத்திரமாகத் திரும்பி வர வேண்டும், அதற்குத்தான். நம் வீட்டில் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டி வைக்கிறோமே, அதே சங்கதி.

நீங்கள் இருக்கிற மாநிலத்துக்கும் இதில் பங்கு உண்டு. வடக்கே கனடா எல்லையை ஒட்டி பாட்ஸ்டாம் என்று ஓர் ஊர். அங்கே மருந்துக்கடை வைத்திருந்த ஹார்வி தாட்சர் என்பவர்தான் 1880-களின் நடுவில் பால் பாட்டிலைப் பிரபலப்படுத்தினார். அவருக்கு முன்பும் பாட்டில்கள் உண்டு, ஆனால் பெரும்பாலும் பால்காரர் கேனிலிருந்து மொண்டு வீட்டுப் பாத்திரத்தில் ஊற்றுவதுதான் வழக்கம், தூசியும் முடியும் இலவச இணைப்பு. தாட்சரின் முதல் பாட்டிலுக்குக் கம்பி போட்டு இறுக்குகிற கண்ணாடி மூடி. 1889-ல் அதை எளிமையாக்கினார்கள். வாய்க்குள் விரலை விட்டுத் தடவினால் சின்னதாக ஒரு விளிம்பு தட்டுப்படும், மெழுகு பூசிய வட்ட அட்டை அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். உங்கள் பாட்டிலிலும் அந்த விளிம்பு இருக்கக்கூடும். ஆனால் அதை வைத்து வயசு சொல்ல முடியாது, பிறகு பல பத்தாண்டுகள் அதே வாய்தான்.

வயசு தெரிய அடியைத் திருப்பிப் பாருங்கள். ஓர் ஓ, அதற்குள் ஐ, இரண்டின் மேலும் ஒரு டைமண்ட் வடிவம் தெரிந்தால் அது ஓவன்ஸ்-இல்லினாய் கம்பெனியின் முத்திரை. இந்தக் கம்பெனி 1929-ல் உருவானது, 1950-களின் நடுவில் டைமண்டை எடுத்துவிட்டார்கள். முத்திரைக்கு இடப்பக்க எண் எந்த ஆலை என்பதைச் சொல்லும், வலப்பக்க எண் ஆண்டைச் சொல்லும். அங்கே 46 என்றிருந்தால் 1946. வேறு முத்திரையாக இருந்தாலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பாட்டிலின் அகலமான பகுதியைச் சுற்றி வெளிச்சத்தில் பாருங்கள். தினமும் பெட்டியில் பக்கத்து பாட்டிலோடு இடித்து இடித்து, மணல்தாள் தேய்த்த மாதிரி மங்கிய வளையம் இருக்க வேண்டும். ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளவென்று இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். அலங்காரத்துக்காகவே புதிதாகச் செய்து விற்கிறவை நிறைய.

விலை என்று பார்த்தால், இப்படி வண்ணம் போட்ட சாதாரணப் பண்ணை பாட்டில் பத்துப் பதினைந்து டாலரிலிருந்து முப்பது நாற்பது வரை போகும். அந்தப் பண்ணை உள்ளூர்க்காரர்களுக்குத் தெரிந்ததாக இருந்தால் கூடவும் போகலாம். ஈபே இணையதளத்தில் பார்ப்பதானால் கேட்கிற விலையை விட்டுவிட்டு, உண்மையில் விற்ற விலையை மட்டும் பாருங்கள். 30 டாலர் பெறும் என்று வைத்துக்கொள்வோம், மாப்பிள்ளை கொடுக்கிற மீதி 70 பள்ளிக்குப் போகிற நன்கொடை. அமெரிக்க வரிச் சட்டமும் இதையே சொல்கிறது: பொருளின் சந்தை மதிப்புக்கு மேல் கொடுத்ததுதான் வரிக் கழிவுக்குத் தகும், அதுவும் பள்ளி வரிவிலக்குத் தகுதி உள்ளதாக இருந்தால். 75 டாலருக்கு மேல் கொடுத்தால் பொருளின் மதிப்பு எவ்வளவு என்று பள்ளியே எழுதித் தர வேண்டும், கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அட்டையில் உள்ள தப்பையும் மெதுவாக அவர்கள் காதில் போட்டுவிடுங்கள், ‘1890’ என்பதை நம்பி வேறு யாராவது 300 எழுதிவிடப் போகிறார்கள்.

கே: அதே பாட்டிலைக் கழுவி, பேத்திக்குப் பால் ஊற்றி வைக்கலாமா? உள்ளே லேசாக வெள்ளைப் படலம் இருக்கிறது.
– அதே வாசகி

ப: வேண்டாம். அந்தக் காலத்து வண்ணப் பூச்சில் ஈயமும் காட்மியமும் இருக்க வாய்ப்பு உண்டு. சூடான பாலை ஊற்றினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியே பாட்டில் இரண்டாகிவிடும். பூ வைக்கலாம். படலத்துக்கு ஒரு கைப்பிடி அரிசியும் கொஞ்சம் வினிகரும் போட்டு, வாயைப் பொத்திக் குலுக்குங்கள். தண்ணீரின் உப்புக் கறை என்றால் போய்விடும். போகவில்லை என்றால் கண்ணாடியே அரித்துவிட்டது என்று பொருள், விட்டுவிடுங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் மட்டும் போடாதீர்கள், ஆரஞ்சுப் பசு வெளுத்துவிடும்.

கே: எங்கள் வீட்டுப் பரணில், மும்பையின் அரசுப் பால் பண்ணையான ஆரேயின் பால் பாட்டில்கள் இரண்டு கிடைத்தன. ஏலத்தில் விலை போகுமா?
– வாசகர், மாட்டுங்கா, மும்பை

ப: பழம்பொருள் பிரியர் யாராவது வாங்கிக்கொள்வார், பெரிய தொகையை எதிர்பார்க்காதீர்கள். ஆரே பால் காலனி தொடங்கியது 1949-ல். அந்தக் காலத்தில் பால் பூத்தில் காலி பாட்டிலைக் கொடுத்தால்தான் நிறைந்த பாட்டில் கைக்கு வரும், அப்படியிருக்க உங்கள் வீட்டில் இரண்டு தங்கிவிட்டதென்றால், சரி, பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.