அழைப்பிதழில் ஒரு பெயர்

அன்புள்ள ஐயா,

நானும் என் கணவரும் திருப்பரங்குன்றத்தில் சின்னதாக ஒரு மின்உலை வைத்துக் கண்ணாடித் தட்டும் விளக்கும் செய்கிறோம். வரைவது அவர். வெட்டி அடுக்குவதும் உலையைப் பார்த்துக்கொள்வதும் நான். போன மாதக் கண்காட்சி அழைப்பிதழில் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது. கேட்டால், “மேடமும் ஹெல்ப் பண்றாங்கன்னு தெரியும்” என்கிறார்கள். வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. தனித்தனியாகச் செய்வதுதான் நல்லதா?

எஸ்., திருப்பரங்குன்றம்

அன்புள்ள எஸ்.,

இரண்டு நாள்தானே! பரவாயில்லை.

கடிதத்தைப் படித்ததும் செக் நாட்டுக் கண்ணாடிக் கலைஞர்களான ஸ்தனிஸ்லாவ் லிபென்ஸ்கி, அவர் மனைவி யரோஸ்லாவா பிரிக்தோவா ஞாபகம்தான் வந்தது. 1954-ல் லிபென்ஸ்கி ஜெலெஸ்னி ப்ரோட் ஊரின் கண்ணாடிப் பள்ளிக்குத் தலைவராக வந்தார். அவர் வரைந்து வைத்திருந்த தலை வடிவக் கிண்ணத்தைப் பார்த்த பிரிக்தோவா அம்மா, இதைக் கண்ணாடியில் செய்து பார்க்கட்டுமா என்று கேட்டார். அப்போது இருவருக்கும் வேறு வேறு குடும்பம். திருமணம் 1963-ல். 2002-ல் லிபென்ஸ்கி இறக்கும்வரை கூட்டு வேலை.

அவர் தாளில் வரைவார். அம்மா அதைக் களிமண்ணில் உருவாக்குவார். பிறகு அச்சு, அதற்குள் கண்ணாடி உருகி இறங்கும். வரைந்தவர்தான் கலைஞர், மற்றது கைவேலை என்று தோன்றுகிறதல்லவா? அங்கேதான் ஏமாறுகிறோம். வார்ப்புக் கண்ணாடியில் கனம்தான் நிறம். ஒரே கண்ணாடிதான், மெலிந்த இடத்தில் வெளிச்சம் புகுந்து வெளுக்கும், தடித்த இடத்தில் கருக்கும். எங்கே எவ்வளவு கனம் என்பது களிமண்ணில் அந்த அம்மாவின் விரலடியில் முடிவாவது. அப்படியானால் வண்ணம் தீட்டியவர் யார்? அந்தப் படைப்புகள் இரண்டு பெயரிலும்தான் இருக்கின்றன.

ஸ்வீடனில் பெர்டில் வாலியனும் அவர் மனைவி உல்ரிகாவும் வேறு மாதிரி. இருவரும் கோஸ்டா போடா என்ற கண்ணாடி நிறுவனத்துக்குத்தான் வேலை செய்தார்கள். பெர்டில் மணல் அச்சில் கண்ணாடிப் படகுகள் வார்த்தார், உல்ரிகா கண்ணாடிமேல் பாம்பும் டூலிப் பூவும் தீட்டினார். பெயரும் தனித்தனி. அதுவும் சரிதான், வேலையே தனி என்பதால்.

உங்கள் வேலை அப்படிப் பிரியாது. அவர் வரைந்த நீலத்தின்மேல் இன்னொரு வில்லையை வைப்பதா வேண்டாமா என்று பார்ப்பது நீங்கள். சூடு இறங்கும்போது 550 டிகிரி பக்கத்தில் உலையை நிறுத்திவைத்து, அப்புறம் மெல்ல ஆறவிடுவதும் நீங்கள். அவசரப்பட்டு மூடியைத் திறந்தால் தட்டு விரிசல் விடும். அதற்கா ‘ஹெல்ப்’ என்று பேர்?

உங்கள் ஊருக்குப் பக்கத்து விளாச்சேரிக்கு நவராத்திரிக்கு முன்னால் ஒருமுறை போனேன். ஒரு வீட்டுத் திண்ணையில் கணவர் அச்சிலிருந்து பொம்மையை எடுத்து மூட்டுத் தடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மனைவி மூச்சை அடக்கிக்கொண்டு மீனாட்சிக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தார். யார் செய்தது என்று கேட்டேன். “நாங்கதான்” என்றார் கணவர், தலையைத் தூக்காமலே.

உங்கள் வீட்டுக்காரரும் அதைத்தான் கண்காட்சிக்காரர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அவரும் இதைப் படிப்பார் என்று நினைக்கிறேன். அடுத்த தட்டின் அடியில் இரண்டு பெயரையும் பொறித்துவிட்டு உலையில் வையுங்கள். அழைப்பிதழ் மெய்ப்பு வந்தால், அதை நீங்கள் பாருங்கள்.