எக்ஸெல்ல எட்டு மதம், எதுல சேரட்டும்?

கேள்வி: அக்கா, எனக்கு 29 வயசு, சென்னைல ஐடி வேலை. வீட்ல கும்பிடுறது எனக்கு ஒட்டவே மாட்டேங்குது. சரி நாமளே ஒண்ணு செலக்ட் பண்ணிக்கலாம்னு எட்டு மதத்த எக்ஸெல்ல போட்டு சாப்பாடு, லீவு, செலவு, கண்டிஷன்னு மார்க் போட்டேன். பௌத்தம் ஃபர்ஸ்ட், பார்சி செகண்ட். எதுல சேரலாம், அம்மாகிட்ட எப்படி சொல்றது?

பதில்: தம்பி, நீங்க அனுப்புன ஷீட்ட முழுசா பாத்தேன், ஃபார்முலா எல்லாம் பக்கா. ஆனா பார்சிய மொதல்ல ஷீட்லேர்ந்து அடிச்சு எடுத்துருங்க, நீங்க ஓகே சொன்னா போதுமா, அவங்க சொல்ல வேணாமா, இந்தியாவுல அவங்க வெளியாட்கள மதம் மாத்தி சேத்துக்கறதில்ல. சமணத்துக்கு சாப்பாட்டுல பத்துக்கு எட்டு போட்டு 'ஹெல்தி'ன்னு கமெண்ட் வேற, வெங்காயம் பூண்டு உருளைக்கிழங்கு மாதிரி மண்ணுக்கு கீழ விளையுற கிழங்கு வகை ஆகாது, கறாரா இருக்கறவங்க பொழுது சாஞ்சா சாப்பிடவே மாட்டாங்க, நைட் ஷிஃப்ட்ல என்ன பண்ணுவீங்க? பௌத்தத்துல 'கண்டிஷன் இல்ல'ன்னு போட்டிருக்கீங்களே, பஞ்சசீலம்னு அவங்களுக்கு அஞ்சு ஒழுக்கம் இருக்கு, அஞ்சாவது என்னன்னு பாருங்க, குடிக்கக் கூடாது. அத பாத்தா உங்க வீக்கெண்ட் காலி.

இதே காரணத்துக்காக ஒரு ராஜாவே பின்வாங்கிருக்காரு. இப்ப உக்ரைன்ல இருக்கற கீவ்ல விளாதிமிர்னு ஒருத்தர், ஒவ்வொரு மதமா கூப்பிட்டு விசாரிச்சாராம், இஸ்லாத்துல குடிக்கக் கூடாதுன்னதும் எங்க ஜனத்துக்கு சந்தோஷமே அதுதான்னுட்டாராம், அப்புறம் ஆள் அனுப்பி நேர்ல பாத்துட்டு வரச் சொல்ல, போனவங்க கான்ஸ்டான்டிநோபிள் (இப்ப இஸ்தான்புல்) பெரிய சர்ச்ல நின்னப்ப சொர்க்கத்துல இருக்கோமா பூமில இருக்கோமான்னே தெரியலன்னு வந்து சொன்னாங்கன்னு பழைய வரலாற்று ஏடு சொல்லுது. 988 வாக்குல ஞானஸ்நானம் வாங்கிட்டாரு. அந்த ஊர் சக்கரவர்த்தி தங்கச்சியையும் கட்டிக்கிட்டாரு, அதுக்கு ஒரு கட்டம் உங்க ஷீட்ல இல்ல!

நம்ம ஊர்லயே மணிமேகலை இருக்கா. வஞ்சி நகர்ல ஒரு துறவி வேஷத்துல போயி வைதிகம், சைவம், வைணவம், ஆசீவகம், நிகண்டம் (அதான் சமணம்), சாங்கியம்னு ஒவ்வொருத்தர்கிட்டயா உங்க சரக்கு என்னன்னு கேட்டா. கண்ணால பாத்தத மட்டும்தான் நம்புவேன்னு சொன்ன பூதவாதிகிட்ட, அப்ப உங்க அப்பா அம்மா யாருன்னு எப்படி தெரிஞ்சுக்கிட்டீங்கன்னு ஒரே கேள்வி. (அந்த ஆள் மூஞ்சி எப்படி இருந்திருக்கும்னு நான் அடிக்கடி நெனச்சு சிரிப்பேன்.) அவ யாருக்கும் மார்க் போடல தம்பி, கேள்விதான் கேட்டா, அப்புறம் காஞ்சில பௌத்த துறவி அறவண அடிகள்கிட்ட கேட்டு பௌத்தத்துக்குப் போனா. அம்பேத்கர் 1935ல நான் இந்துவா சாக மாட்டேன்னு அறிவிச்சாரு, நாக்பூர்ல பௌத்தம் தழுவுனது 1956 அக்டோபர்ல. இருபத்தோரு வருஷம். அவரு கேட்டது மனுஷனா மரியாதை, அதுக்கு லீவு எத்தனை நாள்னு யாரு பாப்பா?

உங்களுக்கு என்ன வேணும்னு ஷீட்ல எங்கயுமே இல்ல, அதான் என் கம்ப்ளைண்ட். அது தெரிய நேர்ல போகணும், அதுவும் பண்டிகை அன்னிக்கு இல்ல, அன்னிக்கு எல்லா மதமும் அழகாத்தான் இருக்கும். சும்மா ஒரு செவ்வாக்கிழமை போங்க. எழும்பூர் கென்னட் லேன்ல பௌத்தர்களோட மகாபோதி சங்கம் இருக்கு, தி.நகர்ல சீக்கியர்களோட குருத்வாரா இருக்கு, அங்க லங்கர்ங்கற பொது பந்தில சாப்பாடு ஃப்ரீ, நீங்க யாரு என்னன்னு கேக்க மாட்டாங்க, சாப்ட்டுட்டு முடிஞ்சா நாலு தட்டு கழுவிக் குடுங்க. போரடிச்சும் திரும்ப போகத் தோணுச்சுன்னா அந்த எடத்த யோசிக்கலாம். எதுவும் தோணலையா, சேராமயே இருங்க, யாரும் கெடு வைக்கல. ஒண்ணு மட்டும், பேப்பர்ல மாத்தறதுக்கு முன்னாடி, எஸ்சி சர்டிஃபிகேட் இருந்தா ஒரு வக்கீல பாருங்க, இந்து, சீக்கியம், பௌத்தம் தவிர வேற மதத்துக்குப் போனா அந்த அந்தஸ்து போயிடும்.

அம்மாகிட்ட இப்ப எதுவும் சொல்ல வேணாம், ஷீட்ட மட்டும் கண்ணுல காட்டிராதீங்க, குலதெய்வம் கெடா வெட்டுக்கு செலவு கட்டத்துல மைனஸ் ரெண்டு போட்டு வச்சிருக்கீங்க.