இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லையா?

தேவகோட்டையிலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்: "மகளுக்கு 24 வயது. ஹீமோகுளோபின் 10.4. ஆறு மாதமாக இரும்பு மாத்திரை, முருங்கைக்கீரை, பேரீச்சை எல்லாம் கொடுத்தும் ஏறவில்லை. தை மாதம் என் தம்பி மகனுக்குக் கட்டிக்கொடுப்பதாகப் பேச்சு. இப்போது டாக்டர் ஹெச்.பி.எல்.சி. என்று ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார். ரத்தப் புற்றுநோயோ என்று தூக்கமே வரவில்லை. ரிப்போர்ட்டை அனுப்பியிருக்கிறேன்."

ஆச்சி, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். ரத்தப் புற்றுநோய் என்றால் பெரும்பாலும் வெள்ளையணுக்களிலோ தட்டணுக்களிலோ கோளாறு தெரியும். உங்கள் மகளுக்கு இரண்டும் சரியாக இருக்கின்றன. டாக்டர் தேடுவது வேறு. ஹெச்.பி.எல்.சி. என்பது ரத்தத்தில் எந்தெந்த வகை ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் டெஸ்ட்.

ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபினுக்குக் கீழே இரண்டு எண்களைப் பாருங்கள். சிவப்பணுக்களின் எண்ணிக்கை 5.6 மில்லியன், எம்.சி.வி. 62. எம்.சி.வி. என்பது ஒரு சிவப்பணுவின் சராசரி அளவு. 80க்கு மேல் இருக்க வேண்டும். இரும்பு குறைந்தால் அணு சிறுத்துப்போகும், எண்ணிக்கையும் பொதுவாகக் குறையும். இவருக்கோ அணு ரொம்பச் சிறியது, எண்ணிக்கை தாராளம். 62ஐ 5.6ஆல் வகுத்தால் 11 வருகிறது. 13க்குக் கீழே வந்தால் தலசீமியா மைனரை, அதாவது பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் குறைபாட்டின் லேசான வகையைச் சந்தேகிப்போம். இது சந்தேகம்தான், முடிவு அல்ல.

ஹீமோகுளோபினில் ஆல்ஃபா, பீட்டா என இரண்டு வகைப் புரதச் சங்கிலிகள் உண்டு. பீட்டாவைச் செய்யும் மரபணு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று வரும். ஒன்று மட்டும் பழுதென்றால் மைனர். லேசான சோகையோடு ஆயுள் முழுக்க நன்றாக இருக்கலாம். பின்னால் பெரிய நோயாக மாறாது. இரண்டும் பழுதாகப் பிறக்கும் குழந்தைக்குத்தான் தலசீமியா மேஜர். இரண்டு வயதுக்குள் வெளுத்துப்போய், மண்ணீரல் வீங்கி, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டிவரும். ஏற்றும் ரத்தத்தின் இரும்பு இதயத்திலும் கல்லீரலிலும் படியும், அதை வெளியேற்றத் தனி மருந்து. அந்தப் பிள்ளைகளையும் பெற்றவர்களையும் பார்த்துக்கொண்டிருப்பவன் என்பதால்தான் கல்யாணத்துக்கு முன்பே சொல்கிறேன்.

"வேற கோயில்தானே டாக்டர்" என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். கோயில் என்றால் நகரத்தாரின் குலப்பிரிவு. ஒரே கோயிலுக்குள் பொதுவாகப் பெண் கொடுத்து எடுக்க மாட்டோம், சரி. ஆனால் அம்மான் மகன் வேறு கோயில் என்றாலும் உங்கள் அப்பச்சி, ஆத்தாவின் (அப்பா, அம்மாவின்) மரபணு அவருக்கும் உங்கள் மகளுக்கும் பொது. பழுது உங்கள் வழியாக வந்திருந்தால் உங்கள் தம்பிக்கும் அது இருக்கப் பாதி வாய்ப்பு, அவர் மகனுக்குக் கால்வாசி. சொந்தமே இல்லாத மாப்பிள்ளையைவிட இது மிக அதிகம்.

ஆகவே டெஸ்டைத் தள்ளிப்போடாதீர்கள். கூடவே, உடம்பில் இரும்பு இருப்பு எவ்வளவு என்று காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். அது குறைவாக இருந்தால் உண்மையிலேயே இரும்பும் பற்றாது, மாத்திரை தொடரட்டும். இரும்புக் குறைபாடு ஹெச்.பி.எல்.சி.யில் வரும் ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகையின் அளவையும் இறக்கிக் காட்டலாம் என்பதால், அதைச் சரிசெய்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். ஃபெரிட்டின் சரியாக இருந்தால் இரும்பை நிறுத்தச் சொல்வார்கள். ரத்தம் ஏறவில்லையே என்று யாராவது இரும்பு ஊசிக்குக் கூப்பிட்டால், ஃபெரிட்டின் பார்க்காமல் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஏ2 அளவு 3.5 சதவீதத்துக்கு மேல் வந்தால் மைனர் என்று எடுத்துக்கொள்வோம். அப்போது மாப்பிள்ளைக்கும் அதே டெஸ்ட். அவருக்கு எந்தப் பழுதும் இல்லையென்றால் பிள்ளைகளுக்கு மேஜர் வராது. தாராளமாக முகூர்த்தம் பாருங்கள். இருவருக்கும் இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு மேஜருக்கு வாய்ப்பு. அப்போதும் முடிவு அவர்கள் இருவருடையது. கட்டிக்கொள்வதென்றால், கர்ப்பமான உடனே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். 10 முதல் 12 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியில் சிறு துணுக்கு எடுத்துக் குழந்தைக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட முடியும். அதற்கு இருவரின் மரபணுப் பழுது எது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அந்தப் பரிசோதனையைக் கல்யாணத்தோடு முடித்து வைத்துக்கொள்ளுங்கள்.