பள்ளிக் குறையைக் கிராம சபையில் பேசியும் வேலை நடக்கவில்லையா?

கேள்வி: எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் மாணவியர் கழிப்பறைக்குத் தண்ணீர் வருவதில்லை. சுற்றுச்சுவரும் ஒரு பக்கம் இடிந்து கிடக்கிறது. இரண்டு கிராம சபைகளில் பேசிவிட்டோம். எல்லாரும் ஆமோதித்தார்கள், வேலைதான் நடக்கவில்லை. இனி என்ன செய்வது?

பதில்: முதலில் ஊராட்சி அலுவலகத்தில் தீர்மானப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். நீங்கள் பேசியது அதில் ஏறாமல் போயிருக்கவே வாய்ப்பு அதிகம். எழுத்தில் இல்லாத பேச்சுக்கு எந்த அலுவலரும் நிதி ஒதுக்க முடியாது.

இரண்டு குறைகளையும் ஒரே மனுவில் சேர்த்துவிடாதீர்கள். ஊர்க் குழாயிலிருந்து பள்ளிக்குத் தண்ணீர் கொடுப்பது கிராம ஊராட்சியின் வேலை. ஒன்றியப் பள்ளியின் கட்டடமும் சுவரும் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர்கள் (பி.டி.ஓ.) இருவர் இருப்பார்கள். சுவருக்கான மனு வட்டார ஊராட்சி பி.டி.ஓ.வுக்கும், தண்ணீருக்கானது கிராம ஊராட்சி பி.டி.ஓ.வுக்கும் போக வேண்டும். மாறிப் போனால், ‘எங்கள் வரம்பில் இல்லை’ என்ற பதிலுக்கே மாதங்கள் ஓடிவிடும்.

கிராம சபைக்கு முன்பே பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடுங்கள். கட்டாயக் கல்விச் சட்டம் 2009-இன்படி இக்குழுவில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பெற்றோர் இருக்க வேண்டும்; பாதிப் பேர் பெண்கள். அதே சட்டத்தின் அட்டவணை மாணவர், மாணவியருக்குத் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் அல்லது வேலி ஆகியவற்றைக் கட்டாயமாக்குகிறது. தீர்மானத்தில் இதைக் குறிப்பிடுங்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்திலும் சேர்க்கச் சொல்லுங்கள், ஏனெனில் மானியத்துக்கு அதுதான் அடிப்படை.

அந்தத் தீர்மான நகலை இணைத்து, கிராம சபைக்குச் சில நாள் முன்பே ஊராட்சிச் செயலரிடம் மனு கொடுத்து, இன்னொரு நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை வழக்கமான சபை நாட்கள். அடுத்த ஆண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டம் அக்டோபர் 2 கூட்டத்தில் பேசப்படும் என்பதால் அதைத் தவறவிடாதீர்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலர் பொறுப்பில் சபை கூடும்.

கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்சப் பேர், அதாவது குறைவெண் வரம்பும் முக்கியம். 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சிக்கு 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர் வர வேண்டும். வாக்காளர் பட்டியலில் உள்ளவர்களே கணக்கு. மாணவியரின் தாய்மார்கள் திரளாக வந்தால் எண்ணிக்கையும் சேரும், பேச்சுக்கும் வலு கூடும்.

பெரும்பாலும் சறுக்குவது கையெழுத்தில்தான். வந்ததும் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். தீர்மானம் பிறகு எழுதப்படுகிறது. வாசகம் முழுவதும் எழுதி, உரக்கப் படித்துக் காட்டும் வரை யாரும் எழுந்து போகக் கூடாது. ‘பள்ளிக்கு வசதி செய்து தரப்படும்’ என்ற வாசகத்தை ஏற்காதீர்கள். எந்தக் கழிப்பறை, எத்தனை மீட்டர் சுவர், யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று இருக்க வேண்டும். தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், செல்பேசியில் பக்கத்தைப் படமெடுத்தாலும் நல்லது.

இதன் பிறகும் அசையாவிட்டால் அந்த எண்ணைக் குறிப்பிட்டு, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். கூடவே 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தீர்மானத்தின்மீது எடுத்த நடவடிக்கை, வேலைக்கான செலவு மதிப்பீட்டின் நகல் இரண்டையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் தகவல் கேட்ட அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம்.