அந்த 6,000 டாலரைக் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: ஸ்கார்பரோவில் வசிக்கிறோம். என் மகனுக்கு 15 வயது, ஐஸ் ஹாக்கி நன்றாக விளையாடுகிறான். ஸ்டீவ் ஐசர்மனைப் போல முதலில் வீரர், பிறகு அணி நிர்வாகி என்பது அவன் ஆசை. 'குடும்ப ஆலோசகர்' என்று ஒருவர் வந்து, ஜூனியர் லீக்கில் இடமும் பின்னாளில் நிர்வாகப் பதவிக்கு வழியும் காட்டுவதாகச் சொல்லி 6,000 டாலர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், சகோதரி. நாணயமான முகவர் பையன் தொழில்முறை ஒப்பந்தம் போட்டுச் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகுதான் தன் பங்கை எடுப்பார். வட அமெரிக்காவின் முதன்மை ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லின் வீரர்கள் சங்கம் அங்கீகரித்த முகவர்களின் பட்டியல் இருக்கிறது. வந்தவரின் பெயர் அதில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பெயர் இருந்தாலும் முன்பணம் வேண்டாம். 15 வயதுப் பிள்ளையை வைத்துப் பெற்றோரிடம் காசு கறப்பவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

நிர்வாகப் பதவிக்கு வழி என்பது அதைவிடப் பெரிய பொய். ஐசர்மனையே எடுத்துக்கொள்ளுங்கள். டெட்ராய்ட் அணியில் 22 பருவங்கள், 1,755 புள்ளிகள், அணித் தலைவராக மூன்று ஸ்டான்லி கோப்பைகள், அதாவது என்.எச்.எல். பட்டங்கள். 2006இல் ஓய்வுபெற்ற அவருக்கே, அணிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் பொது மேலாளர் நாற்காலி உடனே கிடைக்கவில்லை. அதே அணியின் நிர்வாகத்தில் துணைத்தலைவராக, அங்கே பொது மேலாளராக இருந்த கென் ஹாலண்டிடம் நான்கு ஆண்டுகள் வேலை பழகிய பிறகே, 2010இல் டம்பா பே அணி அவரைப் பொது மேலாளராக அழைத்தது.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று மகனுக்குச் சொல்லுங்கள். 2014 ஒலிம்பிக்கிற்குக் கனடா அணியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் ஐசர்மனுடையதுதான். டம்பாவில் தன்னுடைய அணிக்கே தலைவராக இருந்த மார்ட்டின் செயின்ட் லூயியை அவர் முதல் பட்டியலில் சேர்க்கவில்லை. முந்தைய பருவத்தில் லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் அவர். பட்டியலில் இருந்த ஸ்டாம்கோஸ் என்ற வீரரின் கால்முறிவு ஆறாததால் பிறகு இடம் கிடைத்தது, கனடா தங்கமும் வென்றது. ஆனாலும் மனம் ஆறவில்லை. மார்ச் மாதமே செயின்ட் லூயி நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிக்குப் போய்விட்டார். கூடவே உழைப்பவரின் முகத்துக்கு நேரே 'உனக்கு இடமில்லை' என்று சொல்வது எந்த ஆலோசகரும் காசுக்குக் கற்றுத் தர முடியாத காரியம்.

பெரிய வீரராகாமலும் அங்கே போகலாமா என்றால், போகலாம். பிரையன் பர்க் என்.எச்.எல்.லில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. அதற்கு ஒரு படி கீழான லீக்கில் ஒரு பருவம் ஆடினார். தன் ஆட்டத்தின் எல்லை புரிந்ததும் ஹார்வர்டில் சட்டம் படித்தார், வீரர்களின் முகவரானார், பிறகு பல அணிகளுக்குப் பொது மேலாளரானார். 2007இல் அனஹைம் அணி ஸ்டான்லி கோப்பையை வென்றபோது மேலாளர் அவர்தான். உங்கள் டொராண்டோ அணியையும் நடத்தியவர். என்.எச்.எல். வரை எட்டுபவர்கள் மிகச் சிலர் என்பதால், உங்கள் மகனுக்கு ஐசர்மனைவிடப் பர்க்கின் பாதைதான் அதிகம் உதவும். அந்தப் பாதை படிப்பு வழியாகத்தான் போகிறது.

படிப்பு விஷயத்தில்தான் இந்த அமைப்பின் மீது எனக்குத் தீராத கோபம். கனடாவின் பெரிய ஜூனியர் லீக்குகளில் ஆடிவிட்டால் அமெரிக்கப் பல்கலைக்கழக முதல்நிலை ஹாக்கியின் கதவு மூடிவிடும் என்று எத்தனை ஆண்டுகள் வைத்திருந்தார்கள்! மீசை முளைக்காத பையன் வாழ்க்கையையே தீர்மானிக்க வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்ட் 1 முதல் அந்தத் தடை இல்லை. 'ஜூனியரில் கையெழுத்திட்டால் அமெரிக்காவை மறந்துவிடு' என்று இன்னும் பயமுறுத்துகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அந்த ஜூனியர் லீக்குகளில் ஒன்றான ஒண்டாரியோ லீக்கின் அணி ஏதாவது அழைத்தால், ஆடும் ஒவ்வொரு பருவத்துக்கும் பிற்காலப் படிப்புக்கு எவ்வளவு கல்வித் தொகை, எந்தத் தேதிக்குள் படிக்கத் தொடங்க வேண்டும், தொழில்முறை ஒப்பந்தம் போட்டால் அந்தத் தொகை என்னவாகும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். கையெழுத்திடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். அதற்குக் கொடுக்கும் கட்டணம் வீண்போகாது.